தகரப் பெட்டியில் சுரண்டிய பெயர்

அந்தத் தகரப் பெட்டி இன்னமும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய டிரங்குப் பெட்டி. ஒரு பக்கத்துத் தாழ்ப்பாள் போய்விட்டது, அடித்தகட்டில் துரு ஏறிவிட்டது. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் மூன்று வரி. முதல் வரியில் தமிழில் ஒரு பெயர், இரண்டாவது வரியில் அதே பெயர் தெலுங்கில். மூன்றாவது வரியை யாரோ ஆணியாலோ கத்தியாலோ சுரண்டியிருக்கிறார்கள். சாதாரணச் சுரண்டல் இல்லை, ஓர் எழுத்துக்கூட மிஞ்சக்கூடாது என்று வீம்பு பிடித்துச் சுரண்டியது. சித்தூர் ஸ்டேஷனில் இறங்கிய அந்த அம்மாளின் பின்னால், கூலியாள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இதைத் தூக்கி வந்தபோது என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். எழுதின பெயரை எதற்குச் சுரண்டவேண்டும்? வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

அவர் நாடக நடிகை. மதராஸில் இரண்டு மூன்று கம்பெனிகளில் நடித்து, சினிமாவில் நாலு ராணிகளுக்குச் சாமரம் வீசிவிட்டு, முப்பத்தைந்து வயதில் மறுபடி நாடக மேடைக்கே திரும்பி வந்தவர். மேடைப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு கம்பெனி முதலாளி சூட்டிய பெயர். அவர் வீட்டுப் பசுமாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்று அந்த அம்மாளே சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் டிராமாக்காரம்மாதான்.

அது ஒரு சந்தேகக் காலம். ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் சித்தூர் ஜில்லா முழுசாக அந்தப் பக்கம் போயிருந்தது. அதில் எந்தெந்த ஊர் மதராஸ் பக்கம் திரும்பும், எது அங்கேயே நிற்கும் என்று எல்லைப் பேச்சு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. கடைப் பலகையில் தமிழ் எழுத்தின் மேல் ஒருத்தர் தார் பூசினால், மறுநாள் தெலுங்கு எழுத்தின் மேல் இன்னொருத்தர் பூசினார். காப்பிக்கடையில் ஓர் ஆள் தும்மினால்கூட எந்தப் பாஷையில் தும்மினான் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால் எங்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறவர்கள். அதை ஒத்துக்கொள்ளத்தான் அந்த வருடங்களில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் தமிழ் வாத்தியார். சொந்த ஊர் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வேளாண்மைக் குடும்பம். வயது இருபத்திரண்டு. வாத்தியார் வேலை போதாதென்று தமிழ் நாடக சபாவுக்குக் காரியதரிசி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டதில் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். சபாவின் தலைவர் ஒரு வெல்ல மண்டி முதலாளி. கோயில் திருவிழாவில் பத்மாவதித் தாயாரின் திருக்கல்யாணத்தைத் தமிழில் நாடகமாகப் போடுவது, எல்லையைப் பார்க்க வருகிற அதிகாரிகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து இது தமிழ் ஊர்தான் என்று மலைத்துப் போவது, இதுதான் அவர் போட்ட திட்டம். தாயார் வேஷத்துக்காக வரவழைக்கப்பட்டவர்தான் அந்த அம்மாள். நாடகம் நன்றாக அமைந்தால் அவரை சபாவிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டு, பெண் பிள்ளைகளுக்குப் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்க ஒரு வீடும் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஊர் ஊராகப் பெட்டியும் கையுமாக அலைந்து அலுத்துப் போனவருக்கு அந்த வீடுதான் உயிர். வந்த அன்றே அதைப் போய்ப் பார்த்தார். சமையற்கட்டுக்குப் பக்கத்தில் காற்று வருகிற சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே நின்று, "இங்க ஒரு வயசானவங்க படுத்துக்கலாம்" என்றார். யார் அந்த வயசானவங்க என்று நான் கேட்கவில்லை. மனதில் மட்டும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியிலேயே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஜட்காவில் எதிரே உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தைக்கூட இல்லை, மூக்கை. என் வலது மூக்கில் ஒரு பொட்டுத் தழும்பு உண்டு. குழந்தையில் குத்திய துளை பாதி தூர்ந்துபோன அடையாளம். அதைப் பார்த்துவிட்டு உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. "எந்த ஊரு தம்பி?" என்றார். நகரிப் பக்கம் என்றேன். "அப்டி சொல்லு. எங்கம்மாவும் அந்தப் பக்கந்தான். நாராயணவனத்தாண்ட. தறிக்காரங்க" என்றார், எங்கள் தெருப் பெண்கள் பேசுகிற அதே இழுப்பில். நான் கொஞ்சம் இளகினேன். அடுத்த நிமிஷமே வண்டிக்காரரிடம் குதிரையின் கால் வீக்கத்தைப் பற்றி உருதுவில் விசாரித்தார். இறங்குமிடத்தில் பூக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசினார். வண்டிக்காரரும் பூக்காரியும் நானும் ஆளுக்கு ஆள் அவரை நம்மவர் என்று நினைத்துக்கொண்டோம். மூன்று பேருக்கும் சொந்தக்காரியாக ஒரு பெண் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு உறைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து நான் அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேவுதான் பார்த்தேன். பூவைத் தெலுங்கில் எண்ணினார். ஆட்டைத் தமிழில் திட்டி விரட்டினார். தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்றை முணுமுணுத்தபடி தலை சீவிக்கொள்வார், அது எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையும் இல்லை. கன்னடம் என்று ஒப்பனைக்காரர் சொன்னார். ஒத்திகையில் தாயார், தன்னைப் பார்க்க வந்தவர் யாரென்று தெரியாமல் கல்லெறிந்துவிட்டுப் பிறகு கலங்குகிற காட்சி வரும். அந்த இடத்தில் அவர் வாய்விட்டு அழமாட்டார். கையில் மிஞ்சியிருக்கிற கல்லைக் கீழே போடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் விழிப்பார். மத்தளக்காரர் தாளத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனால் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்: இவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறவள் நம்மிடம் மட்டும் நடிக்காமல் இருப்பாளா என்று போயிற்று.

ஒத்திகை இல்லாத நாளில் அவர் திருப்பதி பஸ் ஏறிவிடுவார். வாரம் தவறாது. சாமி தரிசனமா என்றால், "மலைக்கு எங்க போறது, கீழயே வேல சரியாப் போவுது" என்று மழுப்புவார். திருப்பதியில் எங்களுக்குப் போட்டியாக ஒரு தெலுங்கு நாடகக் கோஷ்டி இருந்தது. மண்டி முதலாளியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் வெல்ல உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "வாத்தியாரே, கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாரு. நம்ம நாடகத்த அங்க போயி ஒப்பிச்சிக்கினு வரப்போறா" என்றார். எனக்கு அது போதாதா?

அடுத்த வாரம் தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். திருப்பதியில் இறங்கியவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கினார். மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கி வருகிற யாத்ரீகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். நான் ஒரு வளையல் கடை ஓரத்தில் நின்றுகொண்டேன். சாக்குப் படுதா தொங்கிய ஒரு வாசலில், முக்காடு போட்ட ஒரு கிழவி ரஜாய்ப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு, "ராவே உசேனம்மா" என்று தெலுங்கில் கூப்பிட்டார். இவர் "அம்மீ" என்று சொல்லி, அவ்வளவு பெரிய நடிகை, அந்தச் சந்தில் போகிறவர் வருகிறவர் பார்க்க, கிழவியின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். கிழவி ஒரு பழத்தை உரித்து அவர் வாயில் வைத்தார். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. உசேனம்மா! அடி சக்கை, இதுதான் அந்த மூன்றாவது வரி என்று மனது குதித்தது. புதையல் எடுத்தவனைப் போல அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் மண்டியில் சபாக் கமிட்டி கூடியது. முதலாளியோடு நாலு பெரியவர்கள். வெல்ல மூட்டைகளைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒத்திகைக்கென்று நினைத்து, சலங்கையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, மேடப் பேரு வேணாம். பெத்தவங்க வெச்ச பேரு இன்னா?" என்றார் முதலாளி. அவர் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். யார் வேலை என்று அந்த ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பிறகு எதையும் மறைக்கவில்லை. "உசேனம்மா" என்றார்.

"அப்ப நீ பாய் வூட்டுப் பொண்ணா? தாயார் வேஷம் கட்ட வந்துகிறியே, யார ஏமாத்தலாம்னு?" என்று முதலாளி சத்தம் போட்டார். அவர் சத்தம் போடவில்லை. நின்றபடியே சொன்னார். "பெத்தவ தமிழு. நைனா மதனப்பள்ளி தெலுங்கு, ஆர்மோனியம் வாசிக்கறவரு. நைனாவப் பெத்தவங்க கோலாரு பக்கம், கன்னடம். எனக்குப் பால் குடுத்தவங்க பக்கத்து வூட்டு பாய் சம்சாரம், திருப்பதியில நான் வாராவாரம் போயிப் பாக்கறது அவங்களத்தான். எனக்கு முன்னால பொறந்த மூணும் தங்கல. நைனா மொகரம் பீர் பண்டிகையில நெருப்புக் குண்டத்தாண்ட நின்னு வேண்டிக்கினாரு. நான் பொறந்தப்போ மொறத்துல வெச்சி குப்பமேட்டுல போட்டாங்க. அந்த பாய் சம்சாரம் எடுத்துக்கினு போயி மூணு நாளு அவங்க புள்ளையோட சேத்துப் பால் குடுத்தாங்க. அப்புறம் ஒரு மொறம் தவுடு குடுத்து எங்கம்மா என்ன வாங்கிக்கினா. மூக்கு குத்தி, வேண்டுதல் பேர வெச்சாங்க. உசேனம்மான்னா அர்த்தம் இன்னா தெரியுமா? இந்தப் புள்ள இந்த வூட்டுது இல்லன்னு எமனுக்குச் சொன்ன பொய்யி. எமன் நம்பிக்கினு போயிட்டான். இப்ப நீங்களும் நம்பறீங்க."

பெரியவர்களில் ஒருத்தர் சிரித்தே விட்டார். "இருக்கும்யா, இந்த மாதிரி வெக்கறது உண்டு" என்றார். முதலாளி இறங்கி வரவில்லை. "தெலுங்குக்காரன் வெப்பான். இவ தாயி நம்ம பக்கம்ன்றாளே. வாத்தியாரே, நீ நகரிதானே, உங்க பக்கத்துல இப்படித் தவுட்டுக்கு வாங்கி, கண்ட பேரு வெக்கற வழக்கம் உண்டா? நீ சொல்லு, நான் ஒத்துக்கறேன்" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மாளும் திரும்பினார். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மூக்கைத்தான் பார்த்தார்.

இங்கே நான் ஒன்று சொல்லியாகவேண்டும். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னையும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டார்கள். ஊருக்கு மோர் விற்க வந்துகொண்டிருந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள் எடுத்துக்கொண்டு போனார். ஒரு படி தவிடு கொடுத்து என் அம்மா என்னை வாங்கிக்கொண்டாள். மூக்கைக் குத்திச் செப்பு வளையம் மாட்டினார்கள். என் பெயர் தவுடு. வீட்டில், தெருவில், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் எல்லாம் தவுடு. பையன்கள் அதைச் சொல்லி என்னை மாடு மேய்வதுபோல மேய்ந்துவிடுவார்கள். வாத்தியார் டிரெயினிங்குக்குப் போகும்போது நைனாவிடம் சண்டை போட்டுப் பெயரை அடித்துவிட்டு ஒரு சாமி பெயரை எழுதிக்கொண்டேன். வளையத்தையும் கழற்றி எறிந்தேன். சித்தூரில் ஓர் ஈ காக்கைக்குக்கூட இது தெரியாது. அந்த அம்மாள் பேசி முடிப்பதற்குள்ளேயே அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம் உண்டு, நானே அப்படித்தான் என்று ஒரு வாய்ச்சொல் போதும். அவருக்கு வேஷம் இருந்திருக்கும், வீடு இருந்திருக்கும். முதலாளி முகம் கண்முன்னே நின்றது. காரியதரிசியைத் தவுடு என்று கூப்பிட்டு ஊரே சிரிப்பதுபோலக் காதில் விழுந்தது. "நான் கேள்விப்பட்டதில்லைங்க" என்றேன்.

அவ்வளவுதான். சபை கலைந்தது. தாயார் வேஷத்தை ஒப்பனைக்காரருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒரு துணிப்பையோடு அந்த அம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பெட்டியைத் திருப்பதிக்கு அனுப்பிவைப்பது காரியதரிசியின் பொறுப்பு. விலாசம் கேட்கிற சாக்கில் அருகே போனேன். என்ன கேட்கவேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம்போல இருந்தது. "விலாசம்தான் ஒனக்குத் தெரியுமே, வளையல் கடையாண்ட நின்னியே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு குரலை இறக்கி, "கம்பெனி மொதலாளி சொன்னாருன்னு பெட்டில இருந்தத நானே ஆணியால சொரண்டிட்டேன். அன்னிக்கு ராவும் பகலும் அழுதேன். பெட்டில சொரண்டலாம் தம்பி. மூக்குல இருக்கறத எங்க போயி சொரண்டுவ?" என்றார். அப்போதுதான் பார்த்தேன். பவுடர் இல்லாத அவருடைய வலது மூக்கில் என்னுடையதைப் போலவே ஒரு பொட்டு. அன்று ஜட்காவில் உட்கார்ந்ததுமே அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. ஏளனம் என்று நான் நினைத்த அந்தச் சிரிப்பு, சொந்தக்காரனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. மண்டியில் என் மூக்கைக் காட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அம்பலப்பட்டிருப்பேன். சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நாடகம் நடந்தது. ஒப்பனைக்காரர் கல்லை எறிந்துவிட்டு ஓவென்று அழுதார், ஜனங்கள் கைதட்டினார்கள். அதிகாரி என்று ஒருவரும் வரவில்லை. பெட்டியை உடனே கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகமில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று ஒரு மாதத்துக்கு மேல் கடத்திவிட்டுத் திருப்பதி போனேன். சாக்குப் படுதா இல்லை, கதவு பூட்டியிருந்தது. கிழவி இறந்துவிட்டார், பெண் எந்த ஊர்க் கம்பெனியோடோ போய்விட்டாள் என்று வளையல் கடைக்காரர் சொன்னார். காற்று வருகிற அந்தச் சின்ன அறையில் யார் படுத்துக்கொள்வதற்கு இடம் பார்த்தார் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. வளையல் கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன். பெட்டி என்னோடேயே தங்கிவிட்டது. அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை. சந்தேகப் பிராணியான நான் வாழ்க்கையில் திறந்து பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

எல்லைக் கோட்டைப் போட்டு முடித்தார்கள். சில ஊர்கள் மதராஸ் பக்கம் போயின, நகரியும் சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. யாரும் எங்கள் நாடகத்தைக் கேட்டுக்கொண்டு கோடு போடவில்லை. நான் கடைசிவரை சித்தூரிலேயே தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ பிள்ளைகளின் பெயரை ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறேன். பிச்சை என்றும் குப்பம்மா என்றும் மஸ்தான் என்றும் பெயர் வரும்போது பக்கத்துப் பையன்கள் சிரிப்பார்கள். நான் பிரம்பைத் தட்டி அடக்குவேன். அப்போதும் என் பெயரைச் சொன்னதில்லை. என் சம்சாரத்துக்கே தெரியாது.

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். இந்த ஊர்க்காரர், நடுத்தர வயது, தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். கட்டிலை நகர்த்தியபோது பெட்டி வெளியே வந்தது. துரு பரவுகிறதே என்று, மூடியைச் சுத்தம் செய்து பழைய எழுத்தை அழிக்காமல் பச்சை அடிக்கச் சொன்னேன். பொறுமையாகச் செய்தார். அடித்து முடித்துக் காய்ந்த பிறகு, "மூணாவது வரி போயி கீதே சார். ஏதாச்சும் எழுதணுமா?" என்றார். எழுது, உசேனம்மா என்று எழுது என்றேன். தமிழிலா தெலுங்கிலா என்று கேட்டார். உனக்கு எது நன்றாக வருமோ அதில் எழுது என்றேன். வெள்ளைப் பெயின்டில் தோய்த்த பிரஷ் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார். சுவரில் இருந்த வெங்கடாசலபதி படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. இதே பெட்டியை ஸ்டேஷனில் தூக்கியபோது நான் பார்த்த பார்வை அது.

"யாரு சார் அது? உங்களுக்கு இன்னா ஒறவு?" என்றார்.

என் கை தன்னால் மூக்குக்குப் போயிற்று. சமையலறையிலிருந்து என் சம்சாரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வகையறாதான்பா. அவங்களும் என்ன மாதிரி தவுட்டுக்கு வாங்கின புள்ள" என்றேன். "அவங்க பேரு எழுதிட்டு, அதுக்குக் கீழ தவுடுன்னு ஒண்ணு எழுது. அது எம் பேரு."